சொத்தை விழுமுன்

பல் சொத்தை ஒரே நாளில் விழுவதில்லை. பல்லின் மேற்பரப்பில் ஒவ்வொரு நாளும் ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. இனிப்பு வாய்க்குள் சென்ற சில நிமிடங்களில் பல்லிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகின்றன. வாய் ஓய்ந்த பிறகு உமிழ்நீரிலிருந்து அதே தாதுக்கள் பல்லுக்குத் திரும்புகின்றன. வரவைவிடச் செலவு மிகுந்த நாட்கள் மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல் குழிகிறது. கண்ணுக்குத் தெரியும் குழி அந்த நோயின் முற்றிய நிலை. அரசுகள் நடத்தும் பல் மருத்துவமோ பல பத்தாண்டுகளாக இந்த முற்றிய நிலைக்கே தன் பணத்தையும் ஆட்களையும் நேரத்தையும் ஒதுக்கி வந்தது. குழியை அடைப்பதிலிருந்து, குழி விழாமல் காப்பதற்கு அந்த உழைப்பைத் திருப்ப முடியும் என்பதற்கு ஸ்காட்லாந்து தெளிவான சான்று. ஐரோப்பாவிலேயே மோசமான பற்களைக் கொண்ட நாடுகளில் ஒன்றாக இருந்த அது, இருபது ஆண்டுக்குள் தன் குழந்தைகளின் வாயை மாற்றிக் காட்டியது.

அமிலமும் உமிழ்நீரும்

பல்லின் வெளியுறையான எனாமல், மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள்தான். பாறை போன்ற இந்த உறையைக் கரைப்பது பற்களின் மேல் படியும் மெல்லிய படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தைக் கழிவாக வெளியேற்றுகின்றன. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், 1890-இல் வெளியிட்ட நூலில் இந்த உண்மையை விளக்கினார். சொத்தைக்குப் பல்லைக் குடையும் புழுவே காரணம் என்று உலகின் பல பகுதிகளில் நெடுங்காலம் நிலவிய நம்பிக்கைக்கு மாற்றாக, நுண்ணுயிரும் மாவுப்பொருளும் அமிலமும் கொண்ட ஒரு வேதியியல் விளக்கம் அப்போது கிடைத்தது.

1940-களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற ஆய்வாளர் இந்த நிகழ்வை நேரத்தோடு சேர்த்து அளந்தார். சர்க்கரைக் கரைசலால் வாயைக் கொப்பளித்த சில நிமிடங்களில் பல் படலத்தின் அமிலத்தன்மை கூர்மையாக ஏறுகிறது. அது பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. அமிலம் ஏற ஏற எண் இறங்கும் அமில கார அளவுகோலில் (pH), ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போகும்போது எனாமல் கரையத் தொடங்கும். ஆகவே ஒரு நாளில் எவ்வளவு சர்க்கரை தின்கிறோம் என்பதோடு, எத்தனை முறை தின்கிறோம் என்பதும் பல்லின் விதியைத் தீர்மானிக்கிறது. ஒரு கோப்பை இனிப்புப் பானத்தை உணவோடு குடித்து முடிக்கும் குழந்தையின் பல் ஒருமுறை அமிலத்தில் நனைகிறது. அதே பானத்தைப் புட்டியில் ஊற்றி மாலை முழுவதும் சப்பிக்கொண்டிருக்கும் குழந்தையின் பல்லுக்கு மீள நேரமே கிடைப்பதில்லை.

இந்த உண்மை உறுதியான விதம் வேதனைக்குரியது. 1940-களின் பின்பகுதியில் ஸ்வீடனின் லுண்ட் நகரில், விப்பெஹோல்ம் மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்த மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு ஒட்டும் தன்மையுள்ள டாஃபி மிட்டாய்கள் திட்டமிட்டுக் கொடுக்கப்பட்டன. பலருடைய பற்கள் பாழாயின. ஒப்புதல் தர இயலாதவர்களை இப்படிப் பயன்படுத்தியது மருத்துவ அறத்தின் வரலாற்றில் ஆறாத வடு. உணவு வேளைகளுக்கு இடையே அடிக்கடி தின்னும், பல்லில் ஒட்டும் இனிப்பே மிகக் கேடானது என்ற அறிவு உலகுக்குக் கிடைத்ததற்கு அந்த மனிதர்கள் கொடுத்த விலை அது. வாரம் முழுவதும் தின்பதைவிட்டுச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் தின்னும் பழக்கம் ஸ்வீடனில் பரவியதற்கு இந்த ஆய்வே பின்னணி.

சொத்தையின் முதல் அடையாளம் பல்லில் தோன்றும் சுண்ணாம்பு நிற வெள்ளைத் தடம். அந்த இடத்தில் எனாமலின் அடியில் தாது குறைந்திருக்கும், மேற்பரப்பு உடைந்திருக்காது. இந்த நிலையில் பல் தானாகவே தேற முடியும். சர்க்கரை குறைந்து, படலம் துலக்கப்பட்டு, சிறிதளவு ஃபுளோரைடு நாள்தோறும் கிடைத்தால் உமிழ்நீரின் தாதுக்கள் அந்தத் தடத்தை மீண்டும் இறுக்கும். ஃபுளோரைடு சேர்ந்து இறுகிய பகுதி முன்பைவிடக் கூடுதல் அமிலத்தைத் தாங்கும். மேற்பரப்பு உடைந்து குழியான பிறகு இந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. தடுப்பு மருத்துவம் முழுவதும் இந்த இடைவெளியில்தான், வெள்ளைத் தடத்துக்கும் குழிக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான், தன் பணியைச் செய்கிறது.

அடைப்பின் சுழல்

குழியைக் குடைந்து சுத்தம் செய்து, ரசக்கலவையாலோ வேறு பொருளாலோ அடைப்பது வலியை நீக்கும், பல்லையும் சில காலம் காக்கும். அந்தக் குழியை உண்டாக்கிய காரணங்களை அது தொடுவதில்லை. அதே வாயில் அதே பாக்டீரியாக்கள் அதே சர்க்கரையை உண்டு பக்கத்துப் பல்லைக் கரைத்துக்கொண்டே இருக்கும். அடைத்த இடத்தின் விளிம்பிலேயே புதிய சொத்தை தொடங்குவதும் உண்டு.

எந்த அடைப்பும் வாழ்நாள் முழுவதற்கும் நிற்பதில்லை. சில ஆண்டுகளில் அது விரிசல் விடும், பெயரும். அதை எடுத்துவிட்டு மறுபடி அடைக்கும்போது கூடவே நல்ல பல்லின் ஒரு பகுதியும் போகும். சிறிய அடைப்பு பெரிய அடைப்பாகும். பிறகு வேர் சிகிச்சை, அதன்மேல் உறை, கடைசியில் பிடுங்குதல். பன்னிரண்டு வயதில் போட்ட முதல் அடைப்பு ஐம்பது வயதில் ஒரு பல்லின் இழப்பாக முடியும் இந்தப் பாதையைப் பல் மருத்துவர்கள் அடைப்புச் சுழல் என்று அழைக்கிறார்கள். முதல் அடைப்பைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சுழலின் தொடக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. முதல் அடைப்பே தேவைப்படாத பல் சுழலுக்குள் நுழைவதே இல்லை.

பொது நிதியில் நடக்கும் பல் மருத்துவத்துக்கு இது இன்னொரு வகையில் முக்கியம். ஒரு நாட்டில் எத்தனை பல் மருத்துவர்களைப் பயிற்றுவித்தாலும், புதிய குழிகள் விழும் வேகம் குறையாதவரை வேலை தீராது. சிறு குழந்தைகளிடம் இந்தச் சுமை இன்னும் கொடியது. நாற்காலியில் அடங்கி உட்கார முடியாத நான்கு வயதுக் குழந்தையின் சொத்தைப் பற்களை எடுக்க மருத்துவமனையில் சேர்த்து முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் 5 முதல் 9 வயதுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்குப் பல ஆண்டுகளாக முதன்மைக் காரணமாக இருந்து வருவது பல் பிடுங்குதல்தான். இரவெல்லாம் வலியால் உறங்காத குழந்தை, பள்ளிக்குப் போகாத நாட்கள், வேலைக்குப் போகாத பெற்றோர் என்று கணக்கேட்டில் ஏறாத இழப்புகள் தனி.

பல்செட்டின் காலம்

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியபோது பல் மருத்துவமும் இலவசமாயிற்று. தலைமுறைகளாகத் தேங்கிக் கிடந்த வலி ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றது. கேட்டவற்றில் பெரும்பங்கு பல்செட். செலவு மதிப்பீட்டைத் தாண்டியதால் 1951-இல் பல்செட்டுகளுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் விதிப்பதை எதிர்த்து, அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார்.

அந்தக் காலத்து மக்களுக்குச் சொந்தப் பற்கள் ஒரு தொல்லையாகவே தெரிந்தன. எப்படியும் அழுகி வலிக்கப்போகிற பற்களை இளமையிலேயே எடுத்துவிடுவது நல்லது என்று எண்ணினார்கள். மணப்பெண்ணின் பற்களை எல்லாம் பிடுங்கிப் பல்செட் வைத்துக் கொடுப்பது திருமணச் சீர் போலச் சில குடும்பங்களில் நடந்தது. 1968-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் வயது வந்தோரில் 37 சதவீதத்தினருக்கு ஒரு பல்கூட இல்லை. ஸ்காட்லாந்தில் 1972-இல் அந்த அளவு 44 சதவீதம்.

பின்வந்த பத்தாண்டுகளில் நிலைமை வேகமாகச் சீரடைந்தது. 2009-இல் இங்கிலாந்தில் பல்லில்லாத வயது வந்தோர் 6 சதவீதமாகக் குறைந்தனர். இதில் மருத்துவமனைகளுக்குப் பங்குண்டு. ஆனால் 1970-களில் ஃபுளோரைடு கலந்த பற்பசை கடைகளில் பரவியதையே பலரும் இம்மாற்றத்தின் பெருங்காரணமாகக் கொள்கின்றனர். மருத்துவரின் கைபடாத, ஒவ்வொரு வீட்டிலும் நாளும் நடக்கும் ஒரு சிறு பழக்கம் கோடிக்கணக்கான பற்களைக் காத்தது. இந்தப் பாடம் பொதுச் சுகாதாரத் திட்டமாக உருப்பெற இன்னும் முப்பது ஆண்டுகள் பிடித்தன.

தண்ணீர்வழித் தடுப்பு

ஃபுளோரைடின் ஆற்றல் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்ய வந்த பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறைகளைக் கண்டார். கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. முப்பது ஆண்டுத் தேடலுக்குப் பிறகு, 1931-இல், ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில் என்பவர், குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதைக் கண்டுபிடித்தார். கறை உண்டாக்காத, சொத்தையைத் தடுக்கிற அளவு எது என்பதை டிரெண்ட்லி டீன் ஊர் ஊராக ஆராய்ந்து வகுத்தார். லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம். 1945 ஜனவரியில் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் அந்த அளவில் தன் குடிநீரில் ஃபுளோரைடு கலந்தது. பத்தாண்டுக்கு மேல் கழிந்தபோது, ஃபுளோரைடு கலந்த பிறகு அங்கே பிறந்த குழந்தைகளின் சொத்தை பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது.

அளவு தவறினால் ஃபுளோரைடு தீங்கு செய்யும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது. ஸ்காட்லாந்தின் பெரும்பாலான நீர்நிலைகளில் நிலைமை நேர்மாறு. ஒரே பொருள் ஓரிடத்தில் நீக்க வேண்டிய நஞ்சாகவும் மற்றோரிடத்தில் சேர்க்க வேண்டிய மருந்தாகவும் இருப்பது அளவின் வேறுபாட்டால் மட்டுமே.

ஸ்காட்லாந்து தண்ணீர் வழியை முயன்று பார்த்தது. கில்மார்னக் நகரில் 1956-இல் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கி, எதிர்ப்பின் காரணமாக 1962-இல் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு குழந்தைகளின் சொத்தை மறுபடி கூடியது. பின்னர் கிளாஸ்கோவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர், ஸ்ட்ராத்கிளைடு வட்டார மன்றம் குடிநீரில் ஃபுளோரைடு கலக்க எடுத்த முடிவை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவருக்கே சொந்தப் பற்கள் இல்லை. 201 நாட்கள் நீண்ட அந்த விசாரணையின் முடிவில், 1983-இல் நீதிபதி ஜான்சி தீர்ப்பளித்தார். ஃபுளோரைடு சொத்தையைக் குறைக்கும் என்பதை அவர் ஏற்றார், அதனால் தீங்கு வரும் என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் பல்லைக் காப்பதற்காகக் குடிநீரில் ஒரு பொருளைச் சேர்க்கும் அதிகாரத்தைச் சட்டம் மன்றத்துக்கு வழங்கவில்லை என்றார். 1985-இல் அதற்கான சட்டம் வந்தது. இருந்தும் ஸ்காட்லாந்தில் எந்த ஊரும் அதைச் செயல்படுத்தவில்லை. குழாய் வழி அடைபட்டதால், குழந்தையின் கையில் உள்ள பிரஷ் வழியாக ஃபுளோரைடைக் கொண்டுசேர்க்க வேண்டியதாயிற்று.

டண்டீ பள்ளிகளில் ஒரு சோதனை

பல் துலக்கச் சொல்லி அறிவுரை கூறுவது பழைய வழக்கம். வறுமையில் வாழும் குடும்பங்களிடம் அது பெரிதாக எடுபடவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ பகுதிப் பள்ளிகளில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, அறிவுரையை விட்டுச் செயலைக் கையில் எடுத்தது. சொத்தை மிகுந்த பகுதிகளைச் சேர்ந்த ஐந்து வயதையொட்டிய 534 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் பள்ளி நாட்களில் நாளுக்கு ஒருமுறை ஃபுளோரைடு பற்பசையால் மேற்பார்வையின்கீழ்ப் பல் துலக்கினர். மேற்பார்வையிட்டவர்கள் அந்தப் பகுதியின் தாய்மார்கள். அதற்கென அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்களைச் சோதித்தார்கள். எனாமலைத் தாண்டி உள்ளே இறங்கிய புதிய சொத்தை, துலக்கிய பிரிவில் 56 சதவீதம் குறைவு. மருத்துவர், துளைக் கருவி, ஊசி எதுவும் இதில் இல்லை. நாள் தவறாமல் பல்லைத் தொட்ட சிறிதளவு ஃபுளோரைடும், அதை நடத்தி வைத்த ஒரு பெரியவரின் கண்காணிப்பும் போதுமானவையாக இருந்தன.

சைல்டுஸ்மைல்

2003-இல் எடுத்த கணக்கின்படி ஸ்காட்லாந்தில் பள்ளியில் சேரும் ஐந்து வயதுக் குழந்தைகளில் 45 சதவீதத்தினர் மட்டுமே வெளிப்படையான சொத்தை இல்லாதவர்கள். 2010-க்குள் இதை 60 சதவீதமாக உயர்த்துவது இலக்காயிற்று. 2005-இல் அரசு வெளியிட்ட செயல்திட்டத்தின் அடிப்படையில் 2006-இல் முன்னோட்டமாகத் தொடங்கிய சைல்டுஸ்மைல், 2011-இல் நாடு முழுவதும் ஒருங்கிணைந்த திட்டமாயிற்று.

அதன் அடித்தளம் மழலையர் பள்ளியில் நாள்தோறும் நடக்கும் பல் துலக்கல். இது எல்லா மழலையர் பள்ளிகளுக்கும் பொது. வறுமை மிகுந்த பகுதிகளின் தொடக்கப் பள்ளிகளில் முதல் இரண்டு வகுப்புகளிலும் இது தொடர்கிறது. செய்முறை எளிது, ஆனால் ஒவ்வொரு படியும் எண்ணி வகுக்கப்பட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் படக்குறியிட்ட பிரஷ் உண்டு. பிரஷ்கள் ஒன்றையொன்று தொடாதபடி காற்றோட்டமான தாங்கியில் நிற்கும். ஒரே பற்பசையைப் பலரும் பயன்படுத்தும்போது கிருமி பரவாதிருக்க, பணியாளர் அதைத் தட்டின் விளிம்பில் இடைவெளி விட்டுச் சிறு பொட்டுகளாக வைக்க, குழந்தைகள் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று வயதுக்குக் கீழே ஒரு மெல்லிய பூச்சு அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு. பற்பசையின் ஒவ்வொரு கிலோவிலும் குறைந்தது 1 கிராம் ஃபுளோரைடு இருக்கும். துலக்கி முடித்ததும் துப்பிவிட வேண்டும், தண்ணீரால் கொப்பளிக்கக் கூடாது. கொப்பளித்தால் பல்லின் மேல் தங்க வேண்டிய ஃபுளோரைடு அடித்துச் செல்லப்படும்.

இரண்டாவது அங்கம் வீடு. குழந்தை பிறந்ததிலிருந்து ஐந்து வயதுக்குள் குறைந்தது ஆறு முறை பிரஷ்ஷும் பற்பசையும் இலவசமாகத் தரப்படுகின்றன. புட்டியை விட்டுக் கோப்பைக்கு மாற உதவும் குவளை முதல் ஆண்டிலேயே கிடைக்கிறது. வீட்டுக்கு வரும் சுகாதாரச் செவிலியர் எந்தக் குடும்பத்துக்குத் துணை தேவை என்று கண்டு, பல் நல உதவியாளரிடம் ஒப்படைக்கிறார். அவர் வீடு தேடிச் சென்று, உணவுப் பழக்கம் பற்றிப் பேசி, அருகிலுள்ள பல் மருத்துவரிடம் குழந்தையைப் பதிவு செய்யத் துணை நிற்கிறார்.

மூன்றாவது அங்கம் ஃபுளோரைடு வார்னிஷ். அடர்ந்த ஃபுளோரைடு கொண்ட இந்தப் பூச்சைக் குழந்தையின் பற்களில் சில நொடிகளில் தடவிவிடலாம். ஆண்டுக்கு இருமுறை தடவ வேண்டிய இதைச் செய்யப் பல் மருத்துவரே வர வேண்டியதில்லை. கூடுதல் பயிற்சி பெற்ற பல் செவிலியர்கள் வறுமைப் பகுதிகளின் பள்ளிகளுக்குச் சென்று தடவினார்கள். ஒரு மருத்துவரின் நேரத்தைச் சிக்கலான சிகிச்சைக்கு விட்டுவைத்து, எளிய தடுப்புப் பணியைப் பலரிடம் பகிர்ந்தது இத்திட்டத்தின் அமைப்பில் ஒரு பெரிய மாற்றம்.

பற்களின் கணக்கும் பணத்தின் கணக்கும்

2010-இல் சொத்தை இல்லாத ஐந்து வயதுக் குழந்தைகள் 64 சதவீதமாக உயர்ந்தனர். இலக்கு எட்டப்பட்டது. 2014-இல் 68, 2018-இல் 71 என்று அது ஏறியது. கொரோனா தொற்றால் மழலையர் பள்ளிகள் மூடப்பட்டுத் துலக்கல் நின்றுபோனது. அதற்குப் பிறகு 2022-இல் எடுத்த கணக்கிலும் அது 73 சதவீதமாக இருந்தது. 2003-இல் ஒரு வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் காணப்பட்ட சொத்தை, ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தையிடம் காணப்படும் ஒன்றாகச் சுருங்கியது.

இந்த முன்னேற்றம் முழுவதையும் சைல்டுஸ்மைலுக்கே கணக்கெழுத முடியாது. மழலையர் பள்ளித் துலக்கல் அதற்கு முன்பே பல இடங்களில் தொடங்கியிருந்தது. ஆனால் துலக்கல் எந்தப் பகுதியில் எப்போது பரவியது என்பதையும் சொத்தை எப்போது குறைந்தது என்பதையும் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொருத்திப் பார்த்தபோது, துலக்கல் பரவியதைச் சொத்தையின் குறைவு பின்தொடர்ந்தது.

அதே பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வாளர்கள் 2015-இல் செலவையும் கணக்கிட்டனர். நாடு முழுவதும் மழலையர் பள்ளித் துலக்கலை நடத்த ஆண்டுக்கு ஏறக்குறைய 18 லட்சம் பவுண்டு. ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு அடைப்பும் பிடுங்கலும் செய்ய 2001-02-இல் ஆன செலவின் மதிப்பீடு ஏறக்குறைய 88 லட்சம் பவுண்டு. 2009-10-இல் அது 40 லட்சமாகக் குறைந்தது. எட்டே ஆண்டில் சிகிச்சைச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. ஓர் ஆண்டின் மிச்சம் மட்டுமே துலக்கல் செலவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். தடுப்புக்குச் செலவிட்டால் பலன் தலைமுறை கழித்துத்தான் தெரியும் என்ற பொதுவான தயக்கத்துக்கு இந்த எண்கள் தெளிவான மறுமொழி. பால் பற்கள் சில ஆண்டுகளிலேயே சொத்தையாகக்கூடியவை. அவற்றைக் காத்தால் மிச்சமும் சில ஆண்டுகளிலேயே கைக்கு வரும்.

சோதித்தபின் கற்றவை

நல்ல திட்டம் தன் ஒவ்வோர் அங்கத்தையும் சோதனைக்கு உட்படுத்தும். பள்ளியில் தடவும் வார்னிஷ், துலக்கலுக்கு மேல் எவ்வளவு கூடுதல் பலன் தருகிறது என்று ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் கேட்டனர். 2020-இல் வெளியான அந்தச் சோதனையின் விடை: நாள்தோறும் துலக்கும் மழலையர் பள்ளிகளில் வார்னிஷ் சேர்த்ததால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தென்படவில்லை. வார்னிஷ் தன்னளவில் பயனுள்ளதே என்பதற்கு வேறு ஆய்வுகள் உண்டு. ஏற்கெனவே நாளும் ஃபுளோரைடு பெறும் பல்லுக்கு ஆண்டுக்கு இருமுறை கிடைக்கும் கூடுதல் ஃபுளோரைடு அதிகம் உதவவில்லை என்பதே இதன் பொருள். எளிமையும் ஒழுங்கும்தான் பலனின் ஊற்று என்பதை இது உறுதிப்படுத்தியது.

அதே 2020-இல் பிரிட்டனின் பல பகுதிகளில் நடந்த மற்றொரு பெரிய சோதனையின் முடிவும் வந்தது. பால் பற்களில் ஏற்கெனவே சொத்தை உள்ள, 3 முதல் 7 வயதுள்ள 1,144 குழந்தைகள் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வழக்கமாகக் குடைந்து அடைக்கும் சிகிச்சையோடு தடுப்பு. இன்னொரு பிரிவுக்குச் சொத்தையைக் குடையாமல் உள்ளேயே மூடி முத்திரையிடுதலோடு தடுப்பு. மூன்றாவது பிரிவுக்குத் தடுப்பு மட்டும். மூன்று பிரிவுகளிலும் ஏறக்குறைய பத்தில் நான்கு குழந்தைகளுக்கு வலியோ சீழோ வந்தது. பிரிவுகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. குழி விழுந்த பிறகு எந்த வழியைத் தேர்ந்தாலும் துன்பத்தின் பெரும்பகுதி எஞ்சிவிடுகிறது. தடுப்பு தொடங்க வேண்டிய இடம் சொத்தைக்கு முன்னால், முதல் பல் முளைக்கும் நாளில்.

சிகிச்சை முறையும் தடுப்பின் பார்வையால் மென்மையாகியிருக்கிறது. ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நார்னா ஹால், சொத்தையான பால் கடைவாய்ப் பல்லைக் குடையாமல், ஊசி போடாமல், அதன்மேல் ஆயத்த எஃகு உறையைப் பொருத்தி வந்தார். உறைக்குள் அடைபட்ட பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரை கிடைப்பதில்லை, சொத்தை அப்படியே நின்றுவிடுகிறது. அவருடைய பதிவேடுகளைக் கண்ட ஆய்வாளர்கள் முறையான சோதனை நடத்தி 2007-இலும் 2011-இலும் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான அடைப்புகளைவிட இந்த உறைகள் நீடித்தன, வலியும் குறைந்தது. ஹால் முறை என்று அவர் பெயரால் வழங்கும் இது, சொத்தையைச் சுரண்டி எடுத்தால்தான் பல் பிழைக்கும் என்ற பழைய நம்பிக்கையை மாற்றியது.

எஞ்சியிருக்கும் இடைவெளி

வறுமை மிகுந்த பகுதிகளில் வாழும் ஸ்காட்லாந்துக் குழந்தைகளில் பத்துக்கு ஆறு பேர் அளவிலேயே சொத்தையின்றிப் பள்ளிக்கு வருகிறார்கள். வசதியான பகுதிகளில் பத்துக்கு எட்டுக்கும் மேல். இரு தரப்பும் முன்னேறியிருக்கின்றன, இடைவெளி முழுதும் மூடப்படவில்லை. எல்லோருக்கும் பொதுவாகத் தரும் சேவையோடு, அதிகம் தேவைப்படுவோருக்கு அதிகம் தரும் அமைப்பும் வேண்டும் என்பது சைல்டுஸ்மைலின் அடிப்படைக் கொள்கை. அந்தக் கொள்கையாலும் சரிசெய்ய முடியாத காரணங்கள் வீட்டின் வருமானத்திலும் கடையின் அலமாரியிலும் இருக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது சர்க்கரை. ஒரு நாளில் உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்தும் தேன், பழச்சாறு போன்றவற்றின் சர்க்கரையிலிருந்தும் வர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. இந்தப் பரிந்துரைக்கு அது முன்வைத்த சான்றுகளில் பல் சொத்தையும் ஒன்று. 2018 ஏப்ரலில் பிரிட்டன் இனிப்புக் குளிர்பானங்கள்மீது சர்க்கரை அளவுக்கேற்ற வரி விதித்தது. வரிக்குத் தப்பப் பல நிறுவனங்கள் பானங்களில் சர்க்கரையைக் குறைத்தன. அதன்பின் இங்கிலாந்தில் 18 வயது வரையுள்ளோர் பல் பிடுங்க மருத்துவமனையில் சேர்வது, வரியில்லாவிட்டால் இருந்திருக்கும் அளவைவிட 12 சதவீதம் குறைந்ததாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நிதியமைச்சகத்தின் ஒரு முடிவு குழந்தைகளின் பற்களைக் காத்தது.

இரண்டாவது தடை ஊதிய முறை. செய்த வேலையை எண்ணிக் கூலி தரும் அமைப்பில், குடைந்து அடைத்தவருக்குப் பணம் கிடைக்கும், அடைக்கத் தேவையில்லாத வாயை உருவாக்கியவருக்கு எதுவும் கிடைக்காது. 2006-இல் இங்கிலாந்து கொண்டுவந்த ஒப்பந்தம் வேறொரு சிக்கலை உண்டாக்கியது. ஒரு பல்லை அடைத்தாலும் ஆறு பற்களை அடைத்தாலும் ஒரே ஊதியம் என்று அது வகுத்ததால், அதிகச் சொத்தையுள்ள ஏழை நோயாளிகளை ஏற்பது மருத்துவருக்கு இழப்பாயிற்று. 2022-இல்தான் அதில் ஒரு திருத்தம் வந்தது. ஸ்காட்லாந்து குழந்தைகளுக்கான தடுப்புப் பணிகளையும் மருத்துவர்களின் ஊதியப் பட்டியலில் சேர்த்தது. தடுப்பு ஒரு நாட்டின் கொள்கையா என்பதை அதன் ஊதியப் பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

உலகம் எடுத்துக்கொண்ட பாடம்

வேல்ஸ் இதே வழியில் தனக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மேற்பார்வையில் பல் துலக்கும் திட்டத்தை வறுமைப் பகுதிகளின் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குக் கொண்டுசெல்வதாக இங்கிலாந்து 2025-இல் அறிவித்தது. உலக சுகாதார மன்றம் 2021-இல் நிறைவேற்றிய தீர்மானம், சிகிச்சையை மையமாகக் கொண்ட பல் மருத்துவத்திலிருந்து தடுப்புக்கு மாறுமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டில் ஃபுளோரைடு பற்பசை உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றது. சொத்தையின் வளர்ச்சியை நிறுத்தும் வெள்ளி டயமைன் ஃபுளோரைடும் அதனுடன் சேர்ந்தது. இக்கரைசல் தடவிய சொத்தை கறுத்துவிடும், ஆனால் மின்சாரமோ துளைக் கருவியோ இல்லாத இடத்திலும் இதைப் பயன்படுத்தலாம்.

உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேர் ஏதேனும் ஒரு வாய் நோயால் துன்புறுகிறார்கள் என்று 2022-இல் அந்நிறுவனம் மதிப்பிட்டது. 350 கோடி வாய்களுக்கும் நாற்காலியும் துளைக் கருவியும் அமைத்துத் தர எந்த நாட்டாலும் இயலாது. பிரஷ்ஷும் பற்பசையும் குறைந்த சர்க்கரையும் எட்டாத ஊர் என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை. கில்மார்னக்கில் நிறுத்தியதும் சொத்தை திரும்பியது, டண்டீயில் நாள்தோறும் துலக்கியதும் சொத்தை குறைந்தது. இரண்டும் சொல்வது ஒன்றே: தாதுக்களின் கொடுக்கல் வாங்கல் ஒரு நாளும் ஓய்வதில்லை, ஆகவே பல்லுக்கான பாதுகாப்பும் ஒரு நாளும் ஓயாமல் கிடைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் மருத்துவமனைக் கதவைவிட, காலைதோறும் திறக்கும் மழலையர் பள்ளியின் கதவு அந்தப் பாதுகாப்பைக் குழந்தைக்கு அருகில் கொண்டுவருகிறது.